மிளகாய் வருவதற்கு முன்னால்: இந்தியச் சாப்பாட்டின் வேர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பேருக்குச் சமையல் வகுப்பு எடுக்கிறேன். குழம்பு கொதிக்க ஆரம்பித்து, செய்ய வேலை இல்லாமல் எல்லோரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரத்தில்தான் கேள்விகள் வரும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் இதையேதான் கேட்கிறார். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்; எளிதானவை முதலில், சங்கடமானவை போகப்போக.

"இந்தியச் சாப்பாடு"ன்னு ஒண்ணு உண்மையிலேயே இருக்கா?

ஓட்டல் பெயர்ப்பலகையில் இருக்கிறது. யார் வீட்டு அடுப்பிலும் நான் பார்த்ததில்லை. காஷ்மீரில் ஒருவர் வீட்டில் வைக்கும் ரோகன் ஜோஷுக்கும் கன்னியாகுமரியில் ஒருவர் வீட்டில் வைக்கும் தீயலுக்கும் பொதுவாக உப்பைத் தவிர அதிகம் கிடையாது.

ஆனால் பழக்கத்தில் ஓர் ஒற்றுமை உண்டு. காய்ந்த எண்ணெயில் ஏதோ ஒரு விதையைப் பொரியவிட்டு, அதன் மணத்தைச் சாப்பாட்டில் ஏற்றுவது. நாம் தாளிப்பு என்கிறோம், இந்தியில் தட்கா, வங்காளத்தில் ஃபோடன். நமக்குக் கடுகும் உளுத்தம்பருப்பும். வங்காளிக்குச் சோம்பு, வெந்தயம், கருஞ்சீரகம், சீரகம் எல்லாம் கலந்த பாஞ்ச் ஃபோடன். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் தாளிக்கும் வாசனையை வைத்தே எந்த ஊர் வீட்டு வாசல் என்று சொல்லிவிடலாம்.

ஒரு ஊர் சமையலை இன்னொண்ணுலேர்ந்து எப்படிப் பிரிச்சுத் தெரிஞ்சுக்கறது? எல்லாமே மசாலாவாத்தான் தெரியுது.

மசாலாவை விடுங்கள். "உங்கள் ஊரில் புளிப்பு எதிலிருந்து வருகிறது?" என்று கேளுங்கள். காரமும் உப்பும் கடையில் வாங்கி எங்கும் கொண்டுபோகக் கூடியவை. புளிப்பை மட்டும் பெரும்பாலும் அந்த ஊர் மரம்தான் தரும்.

ஒரே மீன் குழம்பைக் கடலோரமாகவே தொடர்ந்து போய்ப் பாருங்கள். நாகப்பட்டினத்தில் புளியைக் கரைத்து ஊற்றுவார்கள். திருவனந்தபுரத்தைத் தாண்டினால் புகையில் காயவைத்த கறுப்புக் குடம்புளி, மண்சட்டியின் அடியில் கிடக்கும். இன்னும் வடக்கே கொங்கணத்தில் கோகம் பழத்தின் தோல். குழம்பே இளஞ்சிவப்பாக மாறிவிடும். கோவாவில் தென்னங்கள்ளைப் புளிக்கவைத்து எடுத்த வினிகர், அது போர்த்துகீசியர் தந்த பழக்கம். உள்நாட்டுக்குள் போனால் உத்தரப் பிரதேசத்தில் மாங்காய்ப்பொடி, பஞ்சாபில் காய்ந்த மாதுளை விதை. அசாமில் புளிப்புக்கு டெங்கா என்று பெயர். அங்கே மீன் குழம்புக்கு யானை ஆப்பிள் எனப்படும் ஒரு முரட்டுக் காயோ தக்காளியோ எலுமிச்சையோ, அன்றைக்குக் கிடைத்தது போகும்.

அதே அசாமில் புளிப்புக்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. வாழைப்பழத் தோலை உலர்த்தி எரித்து, சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடித்து எடுக்கும் காரநீர். அதை ஊற்றிச் சமைப்பது கார். சாப்பாட்டை அதில்தான் தொடங்குவார்கள். சோப்புத் தண்ணீர் மாதிரி இருக்குமோ என்று பயந்துகொண்டே முதல் கவளத்தை வாயில் வைத்தேன். பப்பாளிக்காய் வெண்ணெய் போலக் குழைந்து, லேசான மண் வாசனையோடு இறங்கியது.

புளிப்புக்கு அடுத்தபடியாக எண்ணெயைக் கேளுங்கள். நல்லெண்ணெயா, தேங்காயெண்ணெயா, கடுகெண்ணெயா, கடலையெண்ணெயா என்று தெரிந்தால் பாதி வரைபடம் கைக்கு வந்துவிடும்.

மிளகாய் வெளிநாட்டுதுன்னு சொல்றாங்களே, நிஜமா? அப்போ அதுக்கு முன்னாடி காரத்துக்கு என்ன பண்ணாங்க?

நிஜம்தான். மிளகாயின் தாய்வீடு தென், மத்திய அமெரிக்கா. வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498-ல். அதற்குப் பின்னால் வந்த போர்த்துகீசியக் கப்பல்களில்தான் மிளகாய் இங்கே இறங்கியது. அதற்கு முன் காரம் என்றால் மிளகு, திப்பிலி, இஞ்சி, சுக்கு.

சான்றுக்கு எங்கும் தேட வேண்டாம், பெயரே சொல்லும். மிளகு போல உறைக்கும் காய், மிளகாய். கன்னடத்தில் மிளகு மெணசு, மிளகாய் மெணசினகாயி. இந்தியில் கதை இன்னும் வேடிக்கை. மிர்ச் என்பது முதலில் மிளகின் பெயர். புதிதாக வந்தவன் அந்தப் பெயரைப் பிடுங்கிக்கொண்டான். பழைய மிளகு இப்போது 'காலி மிர்ச்', அதாவது கறுப்பு மிளகாய்! சொந்த வீட்டிலேயே அடைமொழியோடு வாழ வேண்டிய நிலை.

மிளகாய் இல்லாத சமையல் சப்பென்று இருந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். குறுந்தொகையின் 167-வது பாட்டில் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் சமைக்கிறாள். கட்டித்தயிரைக் கையால் பிசைகிறாள், விரலை உடுத்திய சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள், தாளிக்கும் புகை கண்ணை நிறைக்கிறது. பாட்டு அந்தப் புகையைக் 'குய்ப்புகை' என்கிறது. அந்தப் புளிக்குழம்பைக் கணவன் "இனிது" என்று சொல்லிச் சாப்பிட, அவள் முகத்தில் மெல்லிய ஒரு மகிழ்ச்சி. எழுதியவர் கூடலூர் கிழார். சேலையில் கை துடைப்பது உட்பட அப்படியே எங்கள் வீட்டுக் காட்சி. மிளகாய் மட்டும் இல்லை.

சரி, தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம்?

அவையும் அதே வழியில் வந்தவை. முந்திரி, கொய்யா, அன்னாசி, பப்பாளி, மக்காச்சோளம், நிலக்கடலை, மரவள்ளி எல்லாமே அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. மேலே அசாம் வீட்டில் நான் சிலாகித்த பப்பாளிக்காயும் அப்படித்தான். பல காய்கள் வந்த வழியைப் பெயரிலேயே சுமக்கின்றன: பறங்கியர் கொண்டுவந்தது பறங்கிக்காய், கடல் கடந்தது சீமைச் சுரைக்காய். மராத்தியிலும் குஜராத்தியிலும் உருளைக்கிழங்குக்கு இன்றும் போர்த்துகீசியப் பெயர்தான், படாட்டா. பாயசத்தில் போடும் ஜவ்வரிசியின் பெயருக்குள் ஜாவா இருக்கிறது. மரவள்ளியைத் திருவிதாங்கூரில் பரப்பியதில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அரிசிப் பஞ்சத்தில் ஏழைகளின் வயிற்றைக் காப்பாற்றிய கிழங்கு அது.

இவை வருவதற்கு முந்தைய அடுப்பைப் பார்க்க வேண்டுமா? திதி நடக்கும் ஒரு பிராமண வீட்டுக்குப் போங்கள். பக்கத்து வீட்டு மாமி ஒருமுறை தன் மாமனார் திதிக்குக் காய் வாங்க என்னையும் கூட்டிப் போனார். சந்தையில் கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், உருளை, தக்காளி எல்லாவற்றையும் "இங்கிலீஷ் காய், ஆகாது" என்று தாண்டிக்கொண்டே போனார். பையில் விழுந்தவை வாழைக்காய், சேப்பங்கிழங்கு, பாகற்காய், புடலங்காய், ஒரு கொத்துப் பிரண்டை. காரத்துக்கு மிளகு மட்டும். முன்னோருக்குப் படைக்கும் இலை என்பதால் முன்னோருக்குத் தெரிந்த காய்தான் அதில் இருக்க வேண்டும் என்பது போல. மாமிக்குப் போர்த்துகீசியர் கதை தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

கோயில் மடப்பள்ளிகளும் அப்படித்தான். புரி ஜகந்நாதர் கோயில் மகாபிரசாதத்தில் உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் இடமில்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் மிளகு, சீரகம், சுக்கு. மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். மதுரை அழகர்கோயில் தோசையும் மிளகுக் காரம்தான்.

'கறி'ங்கறது எங்க வீட்ல மட்டன். ஃப்ரெண்டு வீட்ல வாழைக்காய்ப் பொரியல். கேரளாவுல குழம்பு. எது சரி?

மூன்றும். இவற்றுக்கெல்லாம் முந்திய பொருள் மிளகு. அகநானூற்றின் 149-வது பாட்டில் யவனர், அதாவது கிரேக்க, ரோமானியர் கப்பல்கள் சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்குப் பொன்னோடு வந்து கறியோடு திரும்புகின்றன. அந்தக் கறி மிளகு. வெறும் கவிதைப் பெருமை என்று நினைத்தால், எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது ஒரு கோயில் வளாகத்தில் இந்தியச் சாடி ஒன்று கிடைத்தது. உள்ளே ஏழரைக் கிலோ மிளகு, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது.

பிறகு இந்தச் சொல் ஐரோப்பியர் வாயில் புகுந்து, குழம்பு, கூட்டு, குருமா, சால்னா எல்லாவற்றுக்கும் ஒரே பெயராகி, ஒரு மஞ்சள் பொடி டப்பாவாகவும் ஆனது. நம் மிளகுத்தண்ணி 'முல்லிகடானி' ஆனதும் அந்தக் காலத்தில்தான். அதில் இறைச்சி, ஆப்பிள் எல்லாம் போடுகிறார்கள். ரசத்துக்கு இப்படியும் ஒரு மறுபிறவி.

இட்லி இந்தோனேசியாவுலேர்ந்து வந்ததா? சாம்பாரை மராத்தியர்தான் கண்டுபிடிச்சாங்களா?

இட்லிக்கு எழுத்துச் சான்று கன்னடத்தில் இருக்கிறது. சுமார் கி.பி. 920-ல் எழுதப்பட்ட வட்டாராதனை என்ற நூலில் 'இட்டலிகெ' வருகிறது. 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசர் மூன்றாம் சோமேசுவரரின் மானசோல்லாசத்தில் 'இட்டரிகா'. அந்தப் பழைய குறிப்புகளில் உளுந்து இருக்கிறது, அரிசி சேர்த்ததாக இல்லை. அரிசி கலந்து புளிக்கவைத்து ஆவியில் வேகவைக்கும் முறை இந்தோனேசியத் தொடர்பால் வந்திருக்கலாம் என்று உணவு வரலாற்றாசிரியர் கே.டி. அச்சயா ஒரு ஊகத்தை முன்வைத்தார். அது ஊகம்தான். இணையத்தில் அது தீர்ப்பாக மாறிச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சாம்பார்க் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தஞ்சாவூர் மராத்திய அரண்மனையில் கோகம் தீர்ந்துபோய், புளியைப் போட்டுப் பருப்புக் குழம்பு வைத்து, விருந்தாளி சாம்பாஜியின் பெயரைச் சூட்டினார்கள் என்பார்கள். கதையாக மட்டுமே புழங்குவது. எனக்கு இந்தக் கதை பிடிக்கும். மகாராஷ்டிரத்துக் கோகமும் தஞ்சாவூர்ப் புளியும் சந்தித்துக்கொள்ளும் இடம் அது. இரண்டாவது கேள்விக்கு நான் சொன்ன பதிலை யாரோ கதையாகக் கட்டியது போல இருக்கிறது. நம்பி எழுதி வைக்க மாட்டேன்.

பிரியாணி முகலாயர் கொண்டுவந்ததுதானே?

பெயர் பாரசீகம். அதற்காக முகலாயருக்கு எல்லாப் பாராட்டையும் கொடுத்துவிட முடியாது. பாபர் டெல்லியைப் பிடித்தது 1526-ல். அதற்கு ஏறத்தாழ 200 வருடம் முன்னாலேயே டெல்லியின் துக்ளக் அரசவையில் விருந்து சாப்பிட்ட மொராக்கோ பயணி இபின் பதூதா, கொத்துக்கறியும் பாதாமும் பிஸ்தாவும் வெங்காயமும் வைத்துப் பொரித்த சம்பூசக்கை விவரித்திருக்கிறார். இன்றைய சமோசாவின் தாத்தா. மலபார் கரையில் அரபு வணிகர்கள் முகலாயர் வழியாக வந்தவர்களே இல்லை.

ஊர் மாறினால் அரிசியும் மாறுகிறது. ஐதராபாத்தில் பாசுமதி, திண்டுக்கல்லில் சீரகச் சம்பா, தலச்சேரியில் கைமா அரிசி. ஆம்பூரில் கத்தரிக்காய் இல்லாமல் பிரியாணித் தட்டு நகராது. கொல்கத்தா பிரியாணியில் ஒரு முழு உருளைக்கிழங்கு கிடக்கும். 1856-ல் ஆங்கிலேயரிடம் அரசை இழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா கொல்கத்தாவின் மெட்டியாபுருஸில் குடியேறியதோடு அந்த பிரியாணியை இணைப்பார்கள். காசு போதாமல் கறிக்குப் பதில் உருளை போட்டார்கள் என்பது ஒரு கட்சி. அன்று உருளைக்கிழங்கே புதுமையான பண்டம், அதனால் போட்டார்கள் என்பது இன்னொரு கட்சி. அந்தக் கிழங்கைச் சாப்பிட்டவர்கள் எந்தக் கட்சியிலும் சேர மாட்டார்கள்.

வெஜ் பிரியாணி பிரியாணியா என்று கேட்டு என்னைச் சண்டைக்கு இழுக்காதீர்கள். சாப்பிட்டுவிட்டு எழுந்து போங்கள்.

இந்தியர்கள் பெரும்பாலும் சைவம்தானே?

இல்லை. 2014-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் 15 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு ஏறத்தாழ 71 பேர் அசைவம் சாப்பிடுபவர்கள். தெலங்கானாவில் 98-க்கும் மேல். ராஜஸ்தானில் தலைகீழ், ஏறத்தாழ 75 பேர் சைவம்.

சாதியை வைத்துக் கணிப்பதும் தப்பாகப் போகும். வங்காள பிராமணர் வீட்டுக் கல்யாணத்தில் மீன் மங்கலப் பொருள். காஷ்மீரப் பண்டிதர்கள் ஆட்டுக்கறியைப் பிரமாதமாகச் சமைப்பார்கள். ஆனால் மரபான சமையலில் வெங்காயமும் பூண்டும் கிடையாது. அந்த இடத்தைச் சோம்பும் சுக்கும் பெருங்காயமும் நிரப்பும். மேலே சொன்ன திதி வீட்டிலும் வெங்காயம் ஆகாது, ஆனால் அங்கே கறியும் ஆகாது. ஒரே விலக்கு, இரண்டு விதமான இலை.

பெருங்காயம் என்றதும் ஒரு விஷயம். நாம் இவ்வளவு சொந்தம் கொண்டாடும் பெருங்காயம் ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும் விளைவது. இமாசலத்தின் லாஹவுல் பள்ளத்தாக்கில் பயிரிட்டுப் பார்க்கும் முயற்சி 2020-ல்தான் தொடங்கியது.

வட இந்தியச் சாப்பாடுன்னா பட்டர் நான், பனீர் பட்டர் மசாலாதானே?

அது டெல்லி ஓட்டல் சாப்பாடு. 1947 பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் தந்தூர் அடுப்பைப் பிழைப்பாக்கி, டெல்லியில் கடைகள் போட்டார்கள். அந்தப் பட்டியல்தான் நாடு முழுக்கப் போனது. வடக்கே பெரும்பாலான வீடுகளில் அன்றாடம் இருப்பது தவாவில் சுட்ட ரொட்டியும் பருப்பும். பீகாருக்குப் போனால் 'சத்து' எனப்படும் வறுத்த கொண்டைக்கடலை மாவை உள்ளே வைத்துத் தணலில் சுட்ட லிட்டி, சுட்ட கத்தரிக்காய் மசித்த சோக்கா. ராஜஸ்தானில் பாலைவனச் செடிகளின் காய்களை உலர்த்திச் செய்யும் கேர் சாங்ரி.

தமிழ்நாட்டுக்குள்ளயே செட்டிநாடு தவிர வேற ஏதாவது இருக்கா?

இந்தக் கேள்விக்கு ஒரு கோயம்புத்தூர்க்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முறைத்தார். அவருக்கு அரிசிம்பருப்புச் சோறும் கொள்ளுப் பருப்பும் இல்லாமல் வாரம் ஓடாது. திருநெல்வேலியில் தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதி, கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்து. நாஞ்சில் நாட்டில் தேங்காயை வறுத்து அரைத்த தீயல்.

கீழக்கரைக்குப் போய் வட்டலப்பமும் தொதலும் சாப்பிட்டால் இலங்கையும் மலாய்த் தீவுகளும் வாயில் வந்துபோகும். மரைக்காயர்களின் கப்பல் போன தடம் அது. சென்னையில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் போட்ட தள்ளுவண்டியில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ். செட்டிநாடும் அப்படிக் கலந்து வந்ததுதான். கவுனி அரிசி நகரத்தார் வணிகம் செய்த பர்மாவிலிருந்து வந்தது என்பார்கள், அன்னாசிப்பூவின் ஊர் சீன, வியட்நாம் பக்கம். வட்டிக் கணக்கோடு அஞ்சறைப்பெட்டியும் நிரம்பியிருக்கிறது.

வடகிழக்கு மாநிலச் சாப்பாடு நாத்தம் அடிக்குமாமே?

கருவாடு வறுக்கும் தெருவில் வளர்ந்தவர்கள் இதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். நாகாலாந்தில் சோயாவை வேகவைத்து, இலையில் பொதிந்து, அடுப்புக்கு மேலே வைத்துப் புளிக்கவிடுவது அகூனி. மணிப்பூரில் புளித்த மீன் ஙாரி. அதைக் காய்களோடு மசித்தால் எரோம்பா. இட்லி மாவைப் புளிக்கவைக்கும் நாம் செய்வதும் அதே வேலை. மலைப்பகுதி மழைக்காலத்தில் புரதத்தைக் கெடாமல் காக்க இதைவிட நல்ல வழி இருந்திருக்காது.

2007-ல் டெல்லி காவல்துறை வடகிழக்கு மாணவர்களுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. மூங்கில் குருத்து, அகூனி போன்ற மணம் மிகுந்தவற்றை அக்கம்பக்கத்தில் ரகளை வராமல் சமைக்கச் சொல்லி அதில் அறிவுரை. வாசனை ஒருவருக்குச் சொந்த ஊர், இன்னொருவருக்குப் புகார். அந்த வீட்டுக்குப் போனால் மூக்கைச் சுளிக்காமல் ஒரு கரண்டி சாதத்தோடு கேட்டு வாங்குங்கள். அகூனியின் ருசி நாக்கில் கறியைப் போலத் தங்கும்.

சிறுதானியம்தான் நம்ம பாரம்பரியம், அரிசி இடையில வந்ததுன்னு சொல்றாங்களே?

பாதி சரி. சாமை, வரகு இந்த மண்ணிலேயே பழகியவை. கேழ்வரகும் கம்பும் சோளமும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. தக்காளி 500 வருட விருந்தாளி என்றால், இவை வந்தபோது யாரும் எழுதி வைக்கத் தொடங்கியிருக்கவில்லை. நெல்லும் மிகப் பழையது. ஆற்றுப் பாசனம் உள்ள மருத நிலத்தில் நெல், காட்டுப்புறத்து முல்லையில் வரகு, மலையில் தினை என்று நிலம்தான் பிரித்துக் கொடுத்தது.

புன்செய்க் காட்டில் வளர்ந்த பெரியவர்களிடம் கேட்டால் வேறு கதை வரும். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான், மற்ற நாளெல்லாம் களியும் கூழும். அவர்களுக்குச் சிறுதானியம் ஏழ்மையின் ஞாபகம். இப்போது பளபளக்கும் உணவகத்தில் கம்பங்கூழைக் கண்ணாடிக் குவளையில் வைத்து நீட்டினால், விலையைப் பார்த்துவிட்டு அவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

சாப்பாட்டுல போய் சாதியை ஏன் இழுக்கறீங்க?

நான் இழுக்கவில்லை, ஏற்கெனவே பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. யார் சமைத்தால் யார் சாப்பிடலாம், யார் எந்த வரிசையில் உட்காரலாம், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்பதெல்லாம் நூற்றாண்டுகளாகச் சாதிக் கணக்கு. உணவகப் பெயர்ப்பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் சகஜமாக இருந்தது. அதை அகற்றக் கோரி 1957-ல் பெரியார் சென்னையில் போராட்டம் நடத்தினார்.

சமையல் புத்தகங்களில் எது ஏறியது, எது ஏறவில்லை என்பதும் இதில் சேரும். நெய் மணக்கும் அக்காரவடிசிலுக்குப் பத்துக் குறிப்பு கிடைக்கும். ரத்தப் பொரியல், குடல் குழம்பு, மாட்டுக்கறியை உப்பும் மஞ்சளும் போட்டு வெயிலில் கட்டித் தொங்கவிட்ட உப்புக்கண்டம் ஆகியவற்றுக்குக் கிடைப்பது அரிது. கழித்துப் போட்ட பாகங்களை ருசியாக்குவதற்குத் தனிக் கைத்திறன் வேண்டும். குடலைச் சுத்தம் செய்ய ஒரு முழுக் காலை போகும். பன்முகத்தன்மை என்று பேசிக்கொண்டு இவற்றைத் தாண்டிப் போனால் நாம் பாராட்டுவது பாதி இலையைத்தான்.

வேற ஊர்க்காரங்க வீட்டுக்கு விருந்துக்குப் போனா என்ன கவனிக்கணும்?

பரிமாறும் வரிசையை. நாம் குழம்பு, ரசம், மோர் என்று போகிறோம். வங்காள வீட்டில் மதியச் சாப்பாடு பாகற்காய் போட்ட ஷுக்தோ என்ற கசப்பில் ஆரம்பிக்கும். கசக்கிறதே என்று ஒதுக்கிவிட்டு இனிப்பைத் தேடாதீர்கள், அது கடைசியில்தான். குஜராத்தில் இனிப்பு நடுவிலேயே வந்து உட்காரும். ஆந்திராவில் முதல் பிடி சோறு பொடிக்கோ பருப்புக்கோ, மேலே நெய்யோடு. வாஸ்வான் என்ற காஷ்மீர விருந்தில் நான்கு பேருக்கு ஒரே தாம்பாளம். உங்கள் பக்கத்தை மட்டும் சாப்பிட வேண்டும்.

எந்தப் பண்டம் எந்த நாளுக்கு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பார்சித் தோழி ஒருத்தி புது வீட்டுக்குக் குடிபோனாள். அவர்கள் சாப்பாடாகவே இருக்கட்டும் என்று முந்தின நாள் முழுக்க நின்று, பல பருப்புகளும் ஆட்டுக்கறியும் பரங்கியும் போட்டு தன்சாக் செய்து தூக்குவாளியில் கொண்டுபோனேன். மூடியைத் திறந்த அவள் அம்மா ஒரு நொடி பேசவில்லை. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். தன்சாக், ஒருவர் இறந்த நான்காம் நாள் துக்கம் முடிக்கும்போது சமைப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாதாரணமாகச் சாப்பிடுவார்கள், ஆனால் நல்ல காரியத்துக்கு வைக்கவே மாட்டார்கள். வாளி அன்று குளிர்பெட்டிக்குப் போனது. மறுநாள் சாப்பிட்டுவிட்டுப் புளிப்பு கொஞ்சம் தூக்கல் என்று தகவல் அனுப்பினார்கள்.

எது 'ஒரிஜினல்' ரெசிபி? புவிசார் குறியீடு வாங்கினாத்தான் நிஜமானதா?

குறியீடு என்பது ஒரு பெயரை யார் எந்தப் பண்டத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற சட்டப் பாதுகாப்பு. பிறப்புச் சான்றிதழ் ஆகாது. ரசகுல்லாவுக்கு வங்காளம் 2017-ல் ஒன்று வாங்கியது, ஒடிசா 2019-ல் இன்னொன்று வாங்கியது. இரண்டும் செல்லும், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு ரசகுல்லா. வங்காளத்தினுடையது வெள்ளையாகப் பஞ்சு போல, ஒடிசாவினுடையது சற்றுப் பழுப்பாக, இன்னும் மிருதுவாக. பட்டியலில் ஏறியவர்கள் நம்மிலும் உண்டு: பழனிப் பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ல், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-ல். நிலக்கடலை எங்கிருந்து வந்தது என்று தக்காளிக் கேள்வியிலேயே பார்த்தோம். தென் அமெரிக்கக் கடலை, கரிசல் மண், வெல்லப்பாகு சேர்ந்து முழுக்க முழுக்கக் கோவில்பட்டியாகிவிட்டது.

அதனால் மாற்றிச் சமைப்பது தப்பா என்றால், இல்லை. நான் குறை சொல்வது பெயரை அழிப்பதைத்தான். அகூனியை 'நாட்டுச் சோயா மசாலா' என்றும் சொதியை 'வெஜிடபிள் ஸ்டூ' என்றும் எழுதி விற்பது எனக்கு உறுத்துகிறது. கோகத்துக்குப் பதில் புளி போட்டீர்களா, போட்டேன் என்று சொல்லிவிடுங்கள். சாம்பார்க் கதையில்கூட அந்த நேர்மை இருந்தது.

இதெல்லாம் கத்துக்க எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

சொந்த வீட்டிலிருந்து. இருப்பவர்களில் வயதானவரிடம் போய், தக்காளி வாங்காத நாளில் குழம்பு எப்படி வைத்தீர்கள் என்று கேளுங்கள். மறுபடியும் அந்தப் புளிப்புக் கேள்விதான். "நாங்க எங்க தக்காளி வாங்கினோம்?" என்று ஆரம்பித்து, புளியம்பிஞ்சு, மாங்காய் வற்றல், புளிச்சகீரை என்று அரை மணி நேரம் போகும்.

கேட்பதை எழுதும்போது அளவை மட்டும் நம்பாதீர்கள், தராசைக் கூடவே எடுத்துப் போங்கள். என் அத்தை எல்லாவற்றையும் 'ஒரு கைப்பிடி' என்பார். அவர் சொன்னபடி ஒரு கைப்பிடித் துவரம்பருப்பு போட்டு நான் மூன்று தடவை வைத்த குழம்பு மூன்று தடவையும் கூழாகிவிட்டது. கடைசியில் இருவர் கைப்பிடியையும் நிறுத்துப் பார்த்தோம். அவருடையது 40 கிராம், என்னுடையது 65. இப்போது என் நோட்டில் அத்தை பெயருக்குப் பக்கத்தில் அந்த 40-ஐ எழுதி வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.